கண்ணாடி இல்லாத நலங்குத் தட்டு

நம்ம வயசுப் பொம்பளைங்க நாலு பேர் ஒரு கல்யாண மண்டபத்துல சேர்ந்தா என்ன பேசுவோம்? முட்டிவலி, சர்க்கரை, மருமக. அதெல்லாம் இன்னிக்கு வேணாம். நான் ஒரு பழி தீர்த்த கதையைச் சொல்லப் போறேன். பழின்னதும் பதறாதீங்க, அரிவாள் வேலையெல்லாம் கெடயாது. கொஞ்சம் மஞ்சள், ஒரு வெல்லக்கட்டி, ஒரு கோயில் பாட்டு, அவ்வளவுதான் எங்க ஆயுதம்.

போன மாசம் எங்க அக்கா பேத்திக்குக் கள்ளக்குறிச்சியில மண்டபம் பிடிச்சு நலங்கு வச்சாங்க. நலங்குன்னு சொன்னா பிள்ளைங்களுக்கு நல்லா இல்லையாம், ஹல்தின்னு போட்டு அட்டை அடிச்சிருந்தாங்க. வர்றவங்க எல்லாரும் மஞ்சள் துணிதான் கட்டணும்னு உத்தரவு வேற. ஒரு பக்கம் கீபோர்டு, ஒரு பக்கம் போட்டோ எடுக்க ஊஞ்சல். போறப்ப ஆளுக்கொரு மஞ்சள் பை குடுத்தாங்க, அதுக்குள்ள கைப்பிடி வச்ச சின்னக் கண்ணாடி. வேற எதையாவது வைக்கலாம்னு பிள்ளைங்க எவ்வளவோ சொல்லிப் பார்த்துச்சுங்க. கண்ணாடிதான் வைக்கணும்னு அக்கா ஒத்தக் கால்ல நின்னுது. ஏன்னு என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

பொண்ணு ஊஞ்சல்ல உக்காந்து வாய் கொள்ளாம சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு. பார்க்க எனக்கு ஆசையாவும் இருந்துச்சு, பொறாமையாவும் இருந்துச்சு. எங்க காலத்துல நலங்குக்கு உக்கார்ற பொண்ணு வாயைத் திறக்கவே கூடாது. அதுக்காகவே ஒரு வெல்லக்கட்டியை வாயில அடக்கி வச்சிடுவாங்க. அது கரையற வரைக்கும் பொண்ணு பேசிட்டா, போற வீட்டுல சண்டைக்காரின்னு பேர் எடுப்பாளாம். அதுவும் சின்னக் கட்டியா வைக்க மாட்டாங்க.

இந்த நலங்கு எதுக்கு வந்துச்சுன்னு கேட்டா ஆளுக்கு ஒன்னு சொல்லுவாங்க. உடம்பு மினுங்கணும்னு ஒருத்தி சொல்லுவா. கண்ணு படாம இருக்கன்னு இன்னொருத்தி. வெயில்ல வயல்ல கெடந்த பொண்ணு நாலு நாள் நிழல்ல உக்காரட்டும்னு வந்த வழக்கம்னு எங்க அம்மா சொல்லும். இதெல்லாம் மேல் பூச்சு. என்னைக் கேட்டா, ரெண்டு வீட்டுப் பொம்பளைங்களும் கல்யாணத்துக்கு முன்னாடியே திட்டித் தீர்த்துக்கட்டும்னுதான் நம்ம பாட்டன் பூட்டன் பொண்டாட்டிங்க இதைக் கண்டுபிடிச்சிருக்கணும். நலங்குன்னா ஏசல் உண்டு. மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைங்க பொண்ணு வீட்டைக் கிண்டல் பண்ணிப் பாடுவாங்க. அது முடிஞ்சதும் பொண்ணு வீட்டுக்காரங்க பதில் பாடணும். மூக்கு, நடை, சமையல், கஞ்சத்தனம், எதை வேணா பாடலாம். கோவிச்சுக்கிட்டவ தோத்தவ. பதில் பாடாம விட்ட வீடு, சொன்னதையெல்லாம் ஒத்துக்கிட்ட வீடு. சட்டம் அவ்வளவுதான்.

எங்க வீடு கல்வராயன் மலைக்குக் கீழ. வாசல்ல நின்னா மலைதான் தெரியும். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், சர்ச்சுல மூப்பர், சர்ச்சை நாங்க கோயில்னுதான் சொல்லுவோம். வேதக்காரக் குடும்பம்னு பொட்டு போச்சு, குங்குமம் போச்சு, அம்மன் கோயில் பக்கம் போறது போச்சு. நலங்கு மட்டும் போகல. அம்மா விடல. வீட்டுக்குள்ள பொம்பளைங்க பண்றது, ஆண்டவர் கண்டுக்க மாட்டார்னு சொல்லிடுச்சு.

அக்காவுக்கு மாப்பிள்ளை சின்னசேலம். ரயில்வே உத்தியோகம், அவங்களும் வேதக்காரங்கதான். பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கு ரெண்டு வாட்டி தண்ணி கேட்டார், ரெண்டு வாட்டியும் அக்காதான் கொண்டு போச்சு. அதுலயே அக்காவுக்கு மாமாவைப் பிடிச்சுப் போச்சு. நானே பார்த்தேன், தண்ணி குடுத்துட்டு வந்து காலி சொம்பைக் கீழ வைக்காமலே நின்னுது. ஆனா மாமாவை வளர்த்தது அவரோட அக்கா. அந்த நாத்தனாரம்மா தலையாட்டினாத்தான் அந்த வீட்டுல அடுப்பே எரியும். நல்ல செவப்பு, நல்ல உயரம், பேசறப்ப முகத்தைப் பார்க்காம நம்ம கழுத்துக்குக் கீழ பார்த்துப் பேசும். எங்க வீட்டுல எல்லாரும் கறுப்பு. அக்கா எங்க எல்லாரையும் விடக் கறுப்பு.

கோடை லீவு. மலையிலிருந்து பலாப்பழம் எறங்கி வீடெல்லாம் அந்த வாசனை. முதல் நலங்குக்கு மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைங்க பஸ் பிடிச்சு பொழுது சாய வந்து இறங்கினாங்க. பொண்ணோட மணைக்குப் பக்கத்துல இன்னொரு சின்ன மணை போட்டு ஒரு சிறுமியை உக்கார வைப்பாங்க, துணைப்பொண்ணுன்னு பேரு. அது நான்தான். பொண்ணுக்குப் பூசற மஞ்சள் எல்லாம் எனக்கும் உண்டு. வெல்லக்கட்டியும் உண்டு. எனக்குத் தலைகால் புரியல.

மாப்பிள்ளை வீட்டுத் தட்டை நடுவீட்டுல எறக்கி வச்சாங்க. சந்தனம், மஞ்சள், சீயக்காய், வளையல், ரிப்பன், பவுடர் டப்பா, சீப்பு. எங்க சித்தி ஒவ்வொன்னா எடுத்துப் பார்த்துச்சு. சித்திக்கு மணலூர்பேட்டை பக்கம், நடவு வயல்ல பாட்டு எடுத்துக் குடுக்கறது அதுதான். சித்தி தட்டைக் கீழ வச்சுட்டு மெதுவா கேட்டுச்சு, சீப்பு இருக்கு, கண்ணாடி எங்கன்னு. நலங்குத் தட்டுல சீப்பும் கண்ணாடியும் சோடி. எந்தச் சாதி, எந்த மதமா இருந்தாலும் எங்க பக்கம் அது மாறாது.

நாத்தனாரம்மா மஞ்சளைக் கொழைச்சுக்கிட்டே நிமிராம பதில் சொல்லுச்சு.

"வேணும்னுதாங்க வக்கல. பொண்ணு பாத்து பயந்துகிச்சின்னா இன்னா பண்றது?"

அவங்க ஆளுங்க சிரிச்சாங்க. எங்க ஆளுங்களும் சிரிச்சாங்க, சிரிச்சுத்தான் ஆகணும். அப்புறம் அந்தம்மா அக்கா கன்னத்துல மஞ்சளை வச்சுத் தேய்ச்சுது. தேய்ச்சுட்டுத் தலையைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பார்த்துச்சு. திரும்பி, மஞ்சா கம்மியா இருக்கு, இன்னும் ஜாஸ்தி கொண்டாங்கன்னு கொரல் குடுத்துச்சு. அடுத்து ஏசல் எடுத்துச்சு.

"மலையில வெளஞ்ச மஞ்சா மைபோல ஆச்சுதடி
எத்தினி பூசினாலும் எங்கதான் போச்சுதடி"

பாட்டு நல்லா இருந்துச்சுன்னு சொல்ல எனக்கு வயிறு எரியுது, ஆனா நல்லாத்தான் இருந்துச்சு. அவங்க ஆளுங்க கைதட்டிப் பாடினாங்க. அக்கா வாய் நிறைய வெல்லத்தோட குனிஞ்சு உக்காந்திருந்துச்சு. மடியில இருந்த வெத்தலையை நகத்தால கிழிச்சுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் என் முறை வந்துச்சு. அந்தம்மா என் மோவாயைப் பிடிச்சுத் தூக்கிப் பார்த்துச்சு.

"சின்னதும் இதே சரக்குதான். இன்னும் எவன் மாட்டப் போறானோ."

என் வாயிலயும் வெல்லம். வாய்விட்டு அழுதா வெல்லம் வெளிய விழுந்துடும்னு பயந்து வாயை மூடிக்கிட்டே அழுதேன். அந்த உப்பும் வெல்லமும் சேர்ந்த ருசி இன்னிக்கும் என் நாக்குல இருக்கு. அந்த நொடியில இருந்து அந்தம்மா மேல எனக்கு ஒரு கணக்கு இருக்கு. அக்காவோட கணக்கு தனி, என்னுது தனி.

இப்ப எங்க முறை. சித்தி முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு எழுந்திரிச்சுது. வாயைத் திறக்கறதுக்குள்ள வாசல் பந்தல்ல இருந்து அப்பா கொரல். மாப்பிள்ளை வீட்டுப் பாட்டு வெளிய வரைக்கும் கேட்டிருக்கு. பக்கத்துல சபை உபதேசியார் உக்காந்திருந்தார், அப்பாவுக்கு மானம் போச்சு. இந்த அஞ்ஞானப் பாட்டெல்லாம் இதோட நிக்கட்டும், இனிமே இந்த வீட்டுல கீர்த்தனை மட்டும்தான்னு நிலைப்படியில நின்னு சொல்லிட்டார்.

பாருங்க நியாயத்தை. அவங்க பாடி முடிக்கிற வரைக்கும் காது கேட்கல, நம்ம முறை வந்ததும் கேட்டுச்சு. சமாதானம் பண்ணினதா அப்பா சாகற வரைக்கும் நெனச்சுக்கிட்டு இருந்தார். தன் பொண்ணைப் பதில் இல்லாம உக்கார வச்சோம்னு அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷங்க பண்ற அநியாயத்துக்குச் சண்டை போடவும் முடியாது.

மறுநாள் காலையில அக்கா கெணத்தடியில மஞ்சளைக் கழுவிக்கிட்டு இருந்துச்சு. அம்மா பக்கத்துல நின்னு, பொறுத்துப் போடி, நாலு நாள்ல மறந்துடுவாங்கன்னு சொல்லிட்டுப் போச்சு. சித்தி மட்டும் கல்லுல உக்காந்து கேட்டுச்சு, இந்தக் கல்யாணம் வேணாமான்னு. அக்கா ஈர முகத்தை நிமித்திச்சு.

"கல்யாணமும் வேணும் சித்தி. பதிலும் வேணும்."

ரெண்டும் எப்படிக் கெடைக்கும்? அப்பா பேச்சை மீறி ஏசல் பாடினா அவங்க திரும்ப வர்ற கடைசி நலங்கையே அப்பா நிறுத்திடுவார். நாத்தனாரம்மா அதைச் சாக்கா வச்சு, வாத்தியார் வீட்டுல மரியாதை இல்லன்னு கல்யாணத்தையே கலைச்சிடும். பாடாம விட்டா அக்கா அந்த வீட்டுல காலம் பூரா கரிக்கட்டை. சித்தி யோசிச்சுது. யோசிக்கறப்ப அதுக்கு ஏதாவது முணுமுணுக்கணும். அன்னிக்கு வாயில வந்தது ஞாயித்துக்கெழமை காணிக்கை எடுக்கறப்ப பாடற பாட்டோட ராகம். வார்த்தை வரல, ராகம் மட்டும் வந்துச்சு. அக்கா மொகத்தைத் துடைக்கறதை நிறுத்திட்டுச் சித்தியைப் பார்த்துச்சு. சித்தி அக்காவைப் பார்த்துச்சு. உங்கப்பன் கீர்த்தனை பாடச் சொன்னார் இல்ல, பாடிட்டாப் போச்சுன்னு சித்தி சொல்லிச்சு.

நாலு வரி. அதைக் கட்ட அவங்க பட்ட பாடு. கெணத்தடியில கொஞ்சம், கேழ்வரகு திரிக்கறப்ப கொஞ்சம், மாட்டுக்குத் தண்ணி காட்டறப்ப கொஞ்சம். பெரிய மனுஷங்க யாராவது கிட்ட வந்தா அசல் கீர்த்தனைக்குத் தாவிடுவாங்க. வாய் தவறி எங்கயாவது பாடினேன்னா நாக்கை இழுத்து வச்சுத் தைச்சிடுவேன்னு சித்தி என்னை மிரட்டிச்சு. நான் தூக்கத்துலகூட வாயைக் கெட்டியா மூடிக்கிட்டேன். கடைசி வரியில நாத்தனாரை எப்படிக் குறிக்கறதுன்னுதான் இழுபறி. அண்ணியார்னு அக்கா சொல்லிச்சு. அண்ணின்னு கூப்பிட உனக்குத்தான் உரிமை, எனக்கில்ல, நான் பாடினா பொருந்தாது, அம்மையார்னு பாடிடறேன்னு சித்தி முடிச்சிடுச்சு.

கடைசி நலங்கு வந்துச்சு. திரும்பவும் மணை, திரும்பவும் வெல்லம். தட்டு வந்ததும் சித்தி தலையை நீட்டிப் பார்த்து, இந்த வாட்டியாவது கண்ணாடி உண்டான்னு கேட்டுச்சு. அய்ய, மறந்தே பூட்டேன்னு நாத்தனாரம்மா கன்னத்துல கை வச்சுக்கிச்சு. மஞ்சள் பூசி முடிச்சாங்க. அப்பா வெளிய இருந்து, கீர்த்தனை பாடுங்கம்மா, ஜெபத்தோட முடிச்சுக்கலாம்னார்.

சித்தி எழுந்து நின்னு, கண்ணை மூடி, ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டு, கோயில்ல பாடற அதே பயபக்தியோட ஆரம்பிச்சுது.

"காணிக்கை கொண்டு வந்தார் கண்ணாடி காணவில்லை
வீட்டிலே இருந்ததெல்லாம் விரிசல்விட்டுப் போனதாமே
பார்த்தவர் முகத்தழகைப் பளிங்குமே தாங்கவில்லை"

முதல் வரிக்கு யாருக்கும் புரியல. ரெண்டாவது வரிக்கு எங்க பெரியம்மா வாயைப் பொத்திக்கிச்சு. மூணாவது வரிக்கு நாத்தனாரம்மா கையில இருந்த மஞ்சள் கிண்ணம் அப்படியே நின்னுடுச்சு. சித்தி நாலாவது வரிக்கு மூச்சு இழுத்துச்சு. அதுக்குள்ள என் பக்கத்துல ஒரு அசைவு. அக்கா உள்ளங்கையை வாய்க்குக் கீழ வச்சு வெல்லக்கட்டியைத் துப்பி, அதை என் கையில குடுத்துச்சு. நிமிந்து அந்தம்மா கண்ணை நேராப் பார்த்துப் பாடுச்சு.

"அண்ணியார் பார்த்ததாலே அத்தனையும் உடைந்ததாமே"

அக்காவுக்கு அப்படி ஒரு கொரல் இருக்குன்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரியும். வெளிய பந்தல்ல இருந்து எங்க அப்பா மட்டும் உருக்கமா, "ஆமென்"னார்.

அவ்வளவுதான், பொம்பளைங்க சிரிப்பை அடக்க முடியல. அவங்க ஆளுங்களே விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நாத்தனாரம்மா கோவிக்கவும் முடியாது, கோவிச்சா தோத்தவ. வெளிய போய் சொல்லவும் முடியாது, சொன்னா தட்டுல கண்ணாடி வைக்காத கதை முதல்ல வெளிய வரும். சிரிச்சுது. அந்தச் சிரிப்பைப் பார்க்க நான் எத்தனை பலாப்பழம் வேணா விட்டுக் குடுப்பேன். அக்கா துப்பின வெல்லம் என் கையில பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அதை என் வாயில போட்டுக்கிட்டேன்.

சாப்பாட்டுப் பந்தியில அப்பா சித்தியைக் கூப்பிட்டு, சரணம் புதுசா இருந்துச்சே, கருத்து ஆழமா இருக்கு, ஞாயித்துக்கெழமை கோயில்லயும் பாடலாமேன்னார். உபதேசியாரும் ஆமான்னு தலையாட்டினார். சித்திக்குப் புரையேறிடுச்சு.

கல்யாணம் நடந்துச்சு. மாமா நல்லவர், அக்காவை ஒரு சொல் சொன்னதில்ல. ஆனா அந்த வீட்டுல மாமா சொல்லுக்கு என்ன மதிப்பு? விருந்தாளி வந்தா அக்காவைச் சமையல்கட்டுக்குள்ளயே நிக்க வச்சிடும் அந்தம்மா. போட்டோ எடுக்கறப்ப பின் வரிசை. தலைச்சன் பொண்ணு பொறந்தப்ப தொட்டில்ல எட்டிப் பார்த்து, மஞ்சா தேச்சே குளிப்பாட்டுங்க, அம்மாக்காரி மாதிரி ஆயிடப் போவுதுன்னு சொல்லிச்சு. அக்கா அதுக்கெல்லாம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாது. பாத்திரம் கழுவறப்ப அந்தக் காணிக்கை ராகத்தை முணுமுணுக்கும். வார்த்தை கெடயாது, வெறும் ராகம். அந்தம்மா எழுந்து வாசலுக்குப் போயிடும். கோயில் பாட்டைப் பாடாதேன்னு மருமகளை யார் தடுக்க முடியும்? போதாததுக்கு ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் கோயில்ல காணிக்கைப் பை சுத்தி வரும், சபை மொத்தமும் எழுந்து நின்னு அதே ராகத்துல பாடும். பக்கத்துல அக்கா அசல் வார்த்தையைத்தான் பாடும், ஒரு எழுத்து பிசகாது. அந்தம்மா காதுல எது விழுந்திருக்கும்னு நான் சொல்லணுமா? அது என்னைக்கும் அந்தப் பாட்டுக்கு வாயைத் திறந்ததில்ல.

சீர் பெட்டியில சித்தி தன் வீட்டுக் கண்ணாடியை வச்சு அனுப்பியிருந்துச்சு, மரச்சட்டம் போட்டது. அக்கா அதைக் கூடத்துல, அந்தம்மா நாற்காலிக்கு நேரெதிர்ல மாட்டிச்சு. ஒரு நாள் பசங்க பந்து பட்டு அது குறுக்கால விரிசல் விட்டுது. கண்ணாடி உடையறது தரித்திரம், தூக்கிப் போடுன்னு அந்தம்மா கத்திச்சு. அக்கா போடல. விரிசலோடவே அங்கேயே மாட்டி வச்சுது. பிற்பாடு வீடு இடிச்சுக் கட்டறப்ப அது எங்க போச்சுன்னு தெரியல.

இப்ப மண்டபத்துக்கு வாங்க. மாமாவும் இல்ல, சித்தியும் இல்ல, அந்தம்மா இருக்கு. ஆள் யாருன்னு தெரியாது, தன் பிள்ளைங்களையே தெரியாது, பல மாசமா பேச்சும் இல்ல. சக்கர நாற்காலியில வச்சு, மஞ்சள் சேலை கட்டி, முன் வரிசையில கொண்டாந்து நிறுத்தினாங்க. மஞ்சள் அந்த நெறத்துக்கு இன்னிக்கும் எடுப்பாத்தான் இருந்துச்சு. எனக்கு அதுவும் பிடிக்கல.

ஆரம்ப ஜெபத்துக்கு முன்னாடி ஒரு பாட்டு வாசிப்பான்னு கீபோர்டு பையன்கிட்ட யாரோ சொன்னாங்க. அவன் எதார்த்தமா அந்தக் காணிக்கை ராகத்தை எடுத்தான். ரெண்டு சுரம் போனதும் நாற்காலியில இருந்து ஒரு நடுங்கற கொரல் எழுந்துச்சு.

"காணிக்கை கொண்டு வந்தார் கண்ணாடி காணவில்லை..."

கையைக் கூப்பி, கண்ணை மூடி, ஒரு வார்த்தை மாறாம நாலு வரியும் பாடுச்சு. அண்ணியார் பார்த்ததாலே அத்தனையும் உடைந்ததாமேன்னு தன்னைத்தானே பாடிட்டு, ஆமென் சொல்லிச்சு. எல்லாத்தையும் மறந்த மண்டையில இது மட்டும் அழியாம இருந்திருக்கு. பிள்ளைங்களுக்குச் சந்தோஷம் தாங்கல. பெரிய பாட்டி பேசிட்டாங்க, எவ்வளவு பழைய பாட்டு பாருன்னு ஆளாளுக்குப் போனைத் தூக்கிப் படம் பிடிச்சாங்க. நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன்.

அக்கா எழுந்து மெதுவா நடந்து போச்சு. கிண்ணத்துல இருந்து மஞ்சளை எடுத்து அந்தம்மா ரெண்டு கன்னத்துலயும் பூசுச்சு. அப்புறம் குடுக்க வச்சிருந்த பை ஒன்னுல இருந்து கண்ணாடியை எடுத்து அது முகத்துக்கு நேராப் பிடிச்சுது. அந்தம்மா ரொம்ப நேரம் உத்துப் பார்த்துச்சு.

"யாரு இந்தக் கெழவி? என்னையே பாத்துக்கினு கீறா."

"என் நலங்குக்கு வந்தவங்க அண்ணி. தட்டுல கண்ணாடி வைக்காம வந்துட்டாங்க."

அந்தம்மா முகம் சுருங்கிச்சு. கண்ணாடியில இருந்த கெழவியைக் கோவமாப் பார்த்து, அக்கா பக்கம் திரும்பிச்சு.

"அய்ய, அது தப்பாச்சே. பொண்ணுக்குக் கண்ணாடி வைக்காம வருவாங்களா? அந்தப் பொண்ணு மனசு இன்னா பாடு பட்டிருக்கும்?"

அக்கா கண்ணாடியை அந்தம்மா மடியில வச்சுது. முந்தானையால அந்தக் கன்னத்துல வழிஞ்ச மஞ்சளைத் துடைச்சு விட்டுது. அப்புறம் என் பக்கத்துல வந்து உக்காந்து, போதும்டின்னு மட்டும் சொல்லிச்சு. அக்கா கணக்கு தீர்ந்துடுச்சுன்னு அந்த ஒரு சொல்லுலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

அக்காவுக்குப் போதும். என் மோவாயைப் பிடிச்சுத் தூக்கின கை அந்த மடியிலதான் கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு யாரும் என்கிட்ட எதுவும் சொல்லல. நான் எழுந்து போய் கீபோர்டு பையன் தோளைத் தட்டினேன்.

"தம்பி, அந்த ராகத்தை இன்னொரு வாட்டி போடுப்பா."